மடக்கு மிதிவண்டியும் வாப்பாவின் கைகளும்



எங்கள் வீட்டு வாசற்கதவைத் திறந்ததும் இடப்புறத்தில், காலணிப் பலகைக்குப் பக்கத்தில், ஒரு மிதிவண்டி மடங்கிய நிலையில் அமர்ந்திருக்கும். முதன்முறை வருவோர் பலரும் அதைக் குழந்தையின் தள்ளுவண்டி என்றே எண்ணிவிடுவர். அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும், அதன்வழி நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

இக்கட்டுரையைக் கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஆகவே இதில் வாப்பா என்று குறிக்கப்படுபவர் எங்களுள் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமா. எங்கள் பிள்ளைகளுக்கு அவர் 'அப்பா'. பாட்டனாரை அப்பா என்றழைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டு பகுதியில், மின்தூக்கி இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கும், நகருக்குள் இறங்கிய பின் பணியிடத்துக்கும் நடந்தே செல்வதாயின் நாளொன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். மிதிவண்டி இருந்தால் அதில் பாதிக்கும் மேல் மிச்சமாகும். ஆனால் இந்நகரில் சாதாரண மிதிவண்டியை நெரிசல் நேரத்தில் ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். கீழே இரும்புக் கிராதியில் பூட்டி வைத்த வண்டிகள் இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் களவு போயின. மடக்கு மிதிவண்டி என்றால் எந்நேரமும் ரயிலில் எடுத்துச் செல்லலாம், இரவில் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். எனவே மடக்கு வண்டி ஒன்று வாங்குவதென முடிவு செய்தோம்.

இனி வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடற்கரையூரின் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாடகை சைக்கிள் நிலையம் நடத்தியவர் அவர். மணிக்கு ஒரு ரூபாய் வாடகை. நீள நோட்டுப் புத்தகத்தில் பெயரும் புறப்பட்ட நேரமும் எழுதப்படும். பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய தகரத் தொட்டி, சுவரில் வரிசையாகத் தொங்கும் டயர்கள், எண்ணெய் மணம். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதற்கு அவரைப் போல் ஆளில்லை என்று அக்கம்பக்கத்து ஊர்களிலும் சொல்வார்கள். ரிம்மைச் சுழலவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் தெரியும் வெளிச்சக் கீற்றைப் பார்த்தபடியே எந்தக் கம்பியை எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கடையை மூடச் செய்தவர்கள் நாங்கள்தாம். வாடகைக்கு எடுப்போர் குறைந்து பல காலம் ஆகியிருந்தது. பழுது பார்க்கும் வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. "இந்த வயசுல இன்னும் கையில கரி பூசிக்கிட்டு உக்காரணுமா வாப்பா?" என்று ஒரு விடுமுறையின்போது கேட்டோம். அவருடைய ஓய்வுக்காகச் சொல்கிறோம் என்றே அன்று நம்பினோம். லண்டனில் பணியாற்றும் மகனின் தந்தை கடைத்தெருவில் குந்தியமர்ந்து டியூபுக்கு ஒட்டுப் போடுவது எங்களுக்குக் கூச்சமாக இருந்தது என்பதே உண்மை. இதை எழுதும்போதும் கை தயங்குகிறது. வாப்பா மறுத்துப் பேசவில்லை. அடுத்த மாதமே கடை கைமாறியது.

உம்மா மவுத்தான பிறகு, ஆறு மாதத் தங்கல் அனுமதியில் அவரை இங்கு அழைத்து வந்தோம். ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போய் வருவார். மற்ற நேரமெல்லாம் சன்னலோரத்தில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு மிகக் குறைவு. அவருடைய கைகள் மட்டும் எப்போதும் எதையாவது உருட்டிக்கொண்டிருக்கும்: ஒரு பேனா மூடி, ஒரு திருகாணி, பேத்தியின் உடைந்த விளையாட்டுப் பொருள்.

அவர் வந்த இரண்டாம் மாதத்தில் முதல் மடக்கு வண்டி வந்து சேர்ந்தது. இணையத்தில் பார்த்து, விலை மலிவு என்பதால் வாங்கியது. அலுமினியச் சட்டகம், 20 அங்குலச் சக்கரம். எடை 11 கிலோ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வாப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைப்பிடியைப் பற்றி முன்பிரேக்கை அழுத்தி, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தார். பிறகு, "இதுல ஒரு சத்தம் வருது. டிக்னு ஒரு சத்தம்," என்றார்.

எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

"இது நம்ம ஊர் சைக்கிள் இல்ல வாப்பா. புது மாடல். கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணினது" என்றோம். அவர் தலையசைத்துவிட்டுச் சன்னலோரத்துக்குப் போய்விட்டார்.

பத்து வாரங்கள் ஓடின. ஒரு நாள் காலை, ரயில் நிலையத்துக்கு முந்திய சிக்னலில் சிவப்பு விழ, எங்களுள் வண்டி ஓட்டியவர் பிரேக்கை அழுத்தினார். உடலின் பாரம் கைப்பிடியில் இறங்கிய அந்தக் கணத்தில், கைப்பிடித் தண்டின் அடியிலிருந்த கீல் பூட்டு விடுபட்டது. தண்டு அப்படியே முன்னோக்கி மடங்கியது. இடக்கை மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்த பேருந்து தள்ளியே நின்றுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், இழப்பு அத்துடன் போயிற்று.

மருத்துவமனையிலிருந்து மாவுக்கட்டுடன் திரும்பியபோது வாப்பா கதவருகில் நின்றிருந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையைத் தம் இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "அந்த வண்டி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்று இஷாத் தொழுகைக்குப் பிறகு கூடத்தில் பழைய செய்தித்தாள்களை விரித்தோம். கீழ்வீட்டாரிடம் கருவிப்பெட்டி இரவல் வாங்கி வந்தோம். ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்குப் பின் வாப்பாவின் கைகளில் கரி படிந்தது. கீலைக் கழற்றி, ஆணியை உருவி, அது நுழைந்திருந்த துளையை எங்களிடம் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய துளை சற்றே முட்டை வடிவாகியிருந்தது.

"ஆணி எஃகு, ஓட்டை அலுமினியம். ஒவ்வொரு பள்ளத்துலயும் ஆணி ஓட்டைய இடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அந்த டிக் சத்தம் அதுதான்" என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்வி எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. "இந்தக் கைப்பிடித் தண்டு ஏன் இவ்வளவு நீளம், யோசிச்சீங்களா?"

நாங்கள் யோசித்ததில்லை. அவரே விளக்கினார். பெரிய சைக்கிளில் சக்கரம் உயரமானது. அதற்கேற்பச் சட்டகமும் உயரமாக இருப்பதால் கைப்பிடித் தண்டு ஒரு சாண்தான் மேலே நிற்கும். மடக்கு வண்டியில் சக்கரம் சிறிது, சட்டகமும் தாழ்வு. ஆனால் ஓட்டுபவரின் உயரம் குறைவதில்லை. எனவே கைப்பிடித் தண்டும் இருக்கைத் தண்டும் நெடிதாக உயர்ந்தாக வேண்டும். நீளமான நெம்புகோலால் கல்லைப் புரட்டுவது எளிது. அதே நெம்புகோல், ஓட்டுபவர் சாய்ந்து அழுத்தும் ஒவ்வொரு முறையும் அடியிலுள்ள சிறு கீலைப் புரட்டப் பார்க்கும். "மடக்குறது யாரு வேணும்னாலும் செஞ்சிடலாம். விரிச்சதுக்கு அப்புறம் மடங்காம நிக்கணும். வேலையே அதுலதான் இருக்கு."

பள்ளிப்படிப்பை முடிக்காத வாப்பா, மடக்கு மிதிவண்டி வடிவமைப்பின் மையச் சிக்கலை ஒரு மாலைப் பொழுதில் எங்களுக்கு விளக்கிவிட்டார்.

கை முறிந்திருந்த ஆறு வாரங்களும் எங்கள் வீட்டில் மிதிவண்டிப் பேச்சுத்தான். நாங்கள் படித்தவற்றை இரவுதோறும் வாப்பாவிடம் சொல்வோம். அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். பதில் தேடி மீண்டும் படிப்போம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்குடைப் படையினருக்காக பி.எஸ்.ஏ. நிறுவனம் மடக்கு வண்டி செய்தது என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. பி.எஸ்.ஏ. அவருக்கு அந்நியப் பெயரன்று. அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் அவர் கடையில் வரிசையாக நின்றவை. போர்க்கால வண்டியின் சட்டகம் வளைந்த இரட்டைக் குழாய்களால் ஆனது. மேலும் கீழுமாக இரு கீல்கள், அவற்றை இறுக்க இறக்கை வடிவத் திருகுகள். "ரெண்டு கீலு வெச்சானே, புத்திசாலி" என்றார் வாப்பா. ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரு கீல்கள் முறுக்கலைத் தாங்கும் என்பது அவர் கணக்கு.

1962இல் அலெக்ஸ் மோல்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வெளியிட்ட சிறுசக்கர மிதிவண்டியைப் பற்றியும் சொன்னோம். மினி மோட்டார் காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்தவர் அவரே. சிறிய சக்கரம் மெதுவானது, குலுக்குவது என்ற பொது நம்பிக்கையை, காற்றழுத்தம் மிகுந்த டயர்களாலும் ரப்பர் சஸ்பென்ஷனாலும் அவர் மாற்றிக்காட்டினார். அவர் வண்டி மடங்காது. ஆனால் அவர் சிறுசக்கரத்துக்கு மதிப்புத் தேடித் தராவிடில் பின்னால் வந்த மடக்கு வண்டிகளை எவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள்.

பிறகு, 1970களின் தொடக்கத்தில் ஹாரி பிக்கர்ட்டன் அலுமினியத்தில் ஒரு மடக்கு வண்டி செய்தார். அக்காலத்துக்கு அது வியப்பூட்டும் அளவுக்கு இலேசானது. ஆனால் ஓட்டும்போது வளைந்து கொடுக்கும். இங்கே வாப்பா கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தி, ஏன் என்று கேட்டார். மறுநாள் பதிலோடு வந்தோம். ஒரே அளவுள்ள இரு துண்டுகளை எடுத்துக்கொண்டால் அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்கே. எனவே எஃகுக் குழாய்க்குப் பதிலாக அதே பருமனில் அலுமினியக் குழாயைப் போட்டால் வண்டி இலேசாகும், கூடவே துவளும். துவளாதிருக்கக் குழாயைப் பருமனாக்க வேண்டும். பருமனாக்கினால் மடித்த வண்டி இடத்தை அடைக்கும். எஃகு அளவான சிறு அசைவுகளை எத்தனை முறையானாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியம் ஒவ்வோர் அசைவையும் கணக்கில் வைத்திருந்து ஒருநாள் விரிசலிடும். நல்ல வடிவமைப்பாளர் இதையறிந்து தேவையான இடத்தில் தடிமனைக் கூட்டுவார். அலுமினிய வண்டிகளிலும் தரமானவை நிறைய உண்டு. எங்கள் மலிவு வண்டியில் கீலைச் சுற்றிய கனம்தான் குறைந்திருந்தது.

அந்த பிக்கர்ட்டன் வண்டியைப் பார்த்துவிட்டு, இதைவிடச் சிறப்பாகச் செய்யலாம் என்று எண்ணியவர் ஆண்ட்ரூ ரிட்சி. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்துவிட்டு, செடிகள் விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த இளைஞர். 1975இல் அவர் தந்தையின் வழியாகத்தான் பிக்கர்ட்டன் வண்டிக்காரர்களின் அறிமுகம் கிடைத்தது. லண்டனில் பிராம்ப்டன் ஆரட்டரி என்னும் தேவாலயத்துக்கு எதிரிலிருந்த தம் குடியிருப்பின் அறையிலேயே மாதிரி வண்டிகளைச் செய்தார். வண்டிக்கும் பிராம்ப்டன் என்றே பெயர் வைத்தார். நண்பர்கள் பத்துப் பேர் ஆளுக்கு நூறு பவுண்டு கொடுத்து உதவினர். பெரிய உற்பத்தியாளர்கள் எவரும் அதை ஏற்கவில்லை. 1981இல் தாமே சிறு அளவில் தயாரிக்கத் தொடங்கினார். தொடர முடியாமல் நின்றுபோயிற்று. 1988இல்தான் மேற்கு லண்டனின் பிரென்ட்ஃபோர்டில், ரயில் பாலத்து வளைவின் கீழே ஒரு பட்டறையில், உற்பத்தி மீண்டும் தொடங்கியது. எண்ணம் உதித்த நாளிலிருந்து 13 ஆண்டுகள்.

"பதிமூணு வருஷமா ஒரே வண்டியவா பார்த்துக்கிட்டு இருந்தாரு?" என்று கேட்டார் வாப்பா. வியப்பைவிட மரியாதையே அந்தக் குரலில் மிகுந்திருந்தது.

மணிக்கட்டு கூடிய பின், பழைய பிராம்ப்டன் வண்டி ஒன்றை வாங்கினோம். கடன் வாங்கவில்லை, வட்டிக்கு எடுக்கவும் மனமில்லை. கோடை விடுமுறைப் பயணத்துக்கென ஒதுக்கியிருந்த சேமிப்பு அதற்குச் சென்றது. இம்முறை விற்பவர் வீட்டுக்கு வாப்பாவையும் அழைத்துக்கொண்டு போனோம். அவர் சரி என்று சொன்ன பின்பே பணத்தைக் கொடுத்தோம்.

வண்டி மடங்கும் முறையை முதன்முதலில் பார்த்தபோது வாப்பா வாய்விட்டுச் சிரித்தார். உம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. முதலில் பின்சக்கரம், தன் முக்கோணச் சட்டத்தோடு சுழன்று வண்டிக்கு அடியில் போய்விடுகிறது. அப்போதே வண்டி தானாக நிற்கும். தனியாக ஸ்டாண்டு தேவையில்லை. அடுத்து, நடுக்குழாயிலுள்ள கீலைத் திறந்தால் முன்சக்கரம் வந்து பின்சக்கரத்தின் பக்கத்தில் அணைந்துகொள்கிறது. பின்னர் கைப்பிடித் தண்டு கீழே சாய்கிறது. கடைசியாக இருக்கைத் தண்டை உள்ளே இறக்கினால், அந்தத் தண்டே தாழ்ப்பாளாகி எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறது. மடித்தபின் அளவு ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் உயரம், 56 சென்டிமீட்டர் நீளம், 27 சென்டிமீட்டர் அகலம்.

"செயின் எங்க போச்சுன்னு பாருங்க" என்றார் வாப்பா. அதுவரை நாங்கள் கவனிக்கவில்லை. மடித்த நிலையில் எண்ணெய் படிந்த சங்கிலி இரு சக்கரங்களுக்கும் நடுவே ஒளிந்துகொள்கிறது. ரயிலில் அடுத்தவர் ஆடையிலும் படாது, தூக்கிச் செல்பவர் ஆடையிலும் படாது. வெள்ளை ஜிப்பாவோடு ஜும்ஆவுக்குப் போகிறவருக்கும், அபாயா அணிந்து ஓட்டுகிறவருக்கும் இது எத்தனை பெரிய உதவி என்பதை நாங்கள் இருவரும் அனுபவத்தில் அறிந்தோம். நடுக்குழாய் தாழ்வாக இருப்பதால் அபாயாவுடன் ஏறி இறங்குவதிலும் சிரமமில்லை.

கீலைத்தான் அவர் நெடுநேரம் ஆராய்ந்தார். எங்கள் பழைய வண்டியில் ஒரு நெம்பை அழுத்தினால் கீல் பூட்டிக்கொள்ளும், நொடியில் முடியும். இதில் ஒரு கவ்வி இருக்கிறது. கைத்திருகைப் பல சுற்று சுற்றி இறுக்க வேண்டும். கவ்வியின் உட்புறமும் கீலின் விளிம்புகளும் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், இறுக்க இறுக்க இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கி ஆப்புப் போல் நெருக்கப்படுகின்றன. சில நொடிகள் கூடுதலாகும். ஆனால் திருகு சற்றுத் தளர்ந்தாலும் கவ்வி ஒரேயடியாக விலகிவிடாது. குழாய்களின் மூட்டுகளை அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பித்தளை வெச்சு ஊதியிருக்கான்." உண்மைதான். அந்த எஃகுச் சட்டகத்தை உருக்கிச் சேர்ப்பதில்லை. குறைந்த வெப்பத்தில் உருகும் பித்தளையை ஊட்டிப் பற்றவைக்கிறார்கள். பற்றவைக்கும் தொழிலாளி ஒவ்வொருவரும் தம் வேலையில் தமக்குரிய அடையாளத்தைப் பொறிக்கும் வழக்கம் அங்குண்டு. இதைச் சொன்னதும் வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சிறு முத்திரையைத் தேடிக் கண்டுபிடித்தார். "பேரு போட்டவன் தப்பா செய்யமாட்டான்" என்றார்.

எங்கள் வண்டி ஏறத்தாழ 12 கிலோ. விளம்பரத்திலிருந்த பழைய வண்டியைவிட ஒரு கிலோ கூடுதல். ஆனால் மூன்று மாடி தூக்கி ஏறும்போது இதுவே இலேசாக இருந்தது. முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பழைய வண்டியைத் தராசில் வைத்துப் பார்த்தபோது, பெடல், மட்கார்டு, கேரியர் எல்லாம் சேர்த்து அது பதின்மூன்றரைக் கிலோ இருந்தது. மேலும், அது மடித்தபின் ஒரு காந்தத்தால் மட்டுமே சேர்ந்திருக்கும். படியேறும்போது திறந்துகொண்டு கணுக்காலில் இடிக்கும். உடலைவிட்டு விலகித் தொங்கும் சுமை கையை இழுக்கும். பிராம்ப்டன் ஒரே கட்டாகப் பூட்டிக்கொள்வதால், உடலோடு ஒட்டித் தூக்க முடிகிறது. தராசு காட்டும் எடை வேறு, கை உணரும் எடை வேறு.

வண்டியை இலேசாக்க ரிட்சி கையாண்ட வழியும் எங்களுக்கு மெல்லப் புலப்பட்டது. ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை. பின்சட்டம் மடங்குவதற்கான கீலே ஓடும்போது சஸ்பென்ஷனுக்கும் அச்சாகிறது. இடையில் ஒரு ரப்பர்க் கட்டை அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. இருக்கைத் தண்டே பூட்டாகிறது. பின்சட்டமே ஸ்டாண்டு ஆகிறது. இதற்கு மேலும் எடையைக் குறைக்க வேண்டுமானால் உலோகத்தை மாற்ற வேண்டும். டைட்டானியத்தின் எடை எஃகில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டுக்கும் குறைவு. அதே வடிவத்தை டைட்டானியத்தில் செய்து 2022இல் அந்நிறுவனம் வெளியிட்ட வண்டி ஏழரைக் கிலோதான். அதன் விலை எங்கள் கைக்கு எட்டாதது; அதைப் பற்றிய ஏக்கமும் எங்களுக்கில்லை.

சிறிய சக்கரத்தில் அதிகம் மிதிக்க வேண்டுமே என்று பேத்தி கேட்டபோது, வாப்பா அவளைக் கட்டடத்தின் பின்முற்றத்துக்கு அழைத்துச் சென்றார். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, மூன்று கியரில் நடுக்கியரை வைத்து, பெடல் சரியாக ஒரு சுற்று வரும்வரை வண்டியைத் தள்ளி, நின்ற இடத்தில் இன்னொரு கோடு போட்டார். ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். 16 அங்குலச் சக்கரம் ஒருமுறை உருண்டால் ஏறத்தாழ 1.3 மீட்டர்தான். ஆனால் முன்னால் 50 பல்லும் பின்னால் 13 பல்லும் இருப்பதால், பெடல் ஒரு சுற்று வருவதற்குள் சக்கரம் நான்கு சுற்றை நெருங்கிவிடுகிறது. ஊரிலுள்ள 28 அங்குலச் சக்கர வண்டியும் ஒரு மிதிக்கு ஏறக்குறைய இதே தூரம்தான் போகும் என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளைக்கு விகிதக் கணக்கு அன்று புரிந்தது. எங்களுக்கும்தான்.

குறைகளையும் அவர் மறைக்கவில்லை. பள்ளத்தில் சிறுசக்கரம் ஆழமாக இறங்கும். "நம்ம ஊர் ரோட்டுக்கு இது ஆகாது" என்பது அவர் தீர்ப்பு. உதிரிப் பாகங்கள் பல அந்நிறுவனத்துக்கே உரியவை; எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருளை மாட்டிவிட முடியாது. விலையும் கூடுதல். எனவே இன்ன வண்டியைத்தான் வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. எந்த மடக்கு வண்டியை வாங்கினாலும், வாப்பா எங்களுக்குக் கற்றுத்தந்த நான்கு சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, முன்பிரேக்கை அழுத்தியபடி வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். மற்றொரு கையின் விரலை ஒவ்வொரு கீலின் இடைவெளியிலும் வைத்துப் பாருங்கள். சிறு அசைவு தெரிந்தாலும் சரி செய்யாமல் ஓட்டாதீர்கள். இரண்டாவது, ஒரு பூட்டு விடுபட்டால் தாங்கிக்கொள்ள மற்றொரு தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, மடித்துத் தூக்கிப் பத்துப் படிகளாவது ஏறிப் பாருங்கள். அட்டையிலுள்ள எடையை நம்ப வேண்டாம். நான்காவது, அமைதியான தெருவில் பத்து நிமிடம் ஓட்டி, காது கொடுத்துக் கேளுங்கள். வாங்கிய பிறகும் வாரம் ஒருமுறை கீல்களைப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது ஒன்றை நாங்களே சேர்த்துக்கொள்கிறோம். வீட்டில் அந்தத் தொழிலறிந்த பெரியவர் இருந்தால், அவர் சொல்வதைக் கேளுங்கள். புதிய பொருளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். பொருள்தான் புதிது, பாரமும் நெம்புகோலும் தேய்மானமும் அவர் வாழ்நாளெல்லாம் கையாண்டவை.

வாப்பா ஊருக்குத் திரும்பும் நாள் வந்தபோது, என்ன வாங்கித் தர வேண்டும் என்று கேட்டோம். ஆறுமுகச் சாவிகள் ஒரு தொகுப்பு வேண்டும் என்றார். பிள்ளைகளின் புது சைக்கிள்களில் எல்லாம் இப்போது அந்தத் திருகுகள்தாமாம். பழைய ஸ்பேனர் அவற்றில் பிடிக்காதாம். நல்லதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தோம். விமான நிலையத்தில், "கடைய மூடச் சொன்னது எங்க தப்பு வாப்பா" என்று சொன்னோம். நான்கு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த சொல். அவர் எங்கள் இருவர் தலையிலும் கைவைத்து, "அதெல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்" என்றார்.

இப்போது அஸருக்குப் பிறகு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தெருப்பிள்ளைகளின் சைக்கிள்களைப் பார்த்துக் கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. கையில் கரி படிந்திருக்கிறதா என்று நாங்கள் கேட்பதுமில்லை. வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து அவர் தொலைபேசியில் அழைப்பார். ஸலாம் சொன்ன கையோடு, நலம் விசாரிப்பதற்கும் முன்னால் அவர் கேட்பது ஒன்றுதான்: "கீல இறுக்கிப் பார்த்தீங்களா?"

பார்த்துவிட்டோம் வாப்பா, என்போம். அவருக்கு நீண்ட ஆயுளையும் உடல்நலத்தையும் அல்லாஹ் வழங்குவானாக. உங்கள் துஆக்களில் அவரையும் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.